விதிகள் 40: ட்ரூல்ஸ் தேவையா?

கேள்வி: கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஜாவா மென்பொருளில் 40 விதிகள், அடிக்கடி மாறும். ட்ரூல்ஸ் (விதிகளைத் தனியே எழுதி இயக்க உதவும் ஜாவா விதி இயந்திரம்) போடலாமா?

பதில்: எண்ணிக்கையை விடுங்கள். ஒரு விதியின் முடிவு இன்னொரு விதியைக் கிளப்புகிறதா? இல்லையென்றால் டிஎம்என் முடிவு அட்டவணையே போதும்; அது நிபந்தனைகளையும் முடிவையும் வரிசை வரிசையாக எழுதும் தர வடிவம். கடன் பிரிவினரே படித்துத் திருத்தலாம். அதில் ஹிட் பாலிசியை (பொருந்தும் வரிசைகளில் எது செல்லும் என்ற அமைப்பை) 'யுனிக்' என்றே வையுங்கள். இரண்டு வரிசைகள் ஒரே விண்ணப்பத்துக்குப் பொருந்தினால் பிழை தெரிந்துவிடும். 'ஃபர்ஸ்ட்' என்றால் மேல் வரிசை வென்று, தவறு உள்ளேயே மறைந்திருக்கும்.

விதிகள் சங்கிலியாகத் தொடர்ந்தால் ட்ரூல்ஸ் சரி. ஆனால் ஒரு விதி தரவை 'மாடிஃபை' கட்டளையால் மாற்றியதும் நிபந்தனைகள் மறுபடி சோதிக்கப்படும். முடிவில்லாச் சுழலில் மாட்டுவது இங்கேதான். விதியில் வைக்கும் 'நோ-லூப்' அமைப்பு, ஒரு விதி தன்னையே கிளப்புவதை மட்டுமே தடுக்கும். இரண்டு விதிகள் மாறி மாறிக் கிளப்பினால் உதவாது. அதனால், உதாரணமாக வட்டி கணக்கிடும் விதியில், 'வட்டி இன்னும் கணக்கிடப்படவில்லை' என்பதையும் நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள்.