வயதான பூனைக்குச் சுகரும் கிட்னியும்: கேள்வி பதில்

தருமபுரியில் இருக்கும் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் நான். சுகர் வந்த வயதான பூனைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன், கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். உங்கள் பூனையைத் தொட்டுப் பார்க்காமல் சொல்கிற பதில்கள் இவை. டோஸை முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர்தான்.

காவேரிப்பட்டணம்: எங்கள் ஆண் பூனைக்கு 14 வயது, 3.6 கிலோ. சுகர் 380, கிரியாட்டினின் 2.6. ஒரு டாக்டர் கிட்னி உணவு கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் சுகருக்குப் புரதம் அதிகம் கொடுக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, டாக்டரம்மா?

அம்மா, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். சுகர் பூனைக்கு மாவுச்சத்து குறைந்து புரதம் கூடிய உணவு வேண்டும். கிட்னி உணவில் புரதத்தையும் பாஸ்பரஸையும் குறைத்து, அந்த இடத்தில் மாவுச்சத்தையும் கொழுப்பையும் சேர்த்திருப்பார்கள். ஒரே வயிற்றுக்குள் இரண்டும் போக முடியாது.

ரத்தத்தில் கிட்னியின் நிலையைக் காட்டுவது கிரியாட்டினின். அது 1.6 முதல் 2.8 வரை இருந்தால் கிட்னி நோயில் இரண்டாம் நிலை என்பார்கள். 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. உங்கள் பூனை இரண்டாம் நிலையின் கடைசியில் நிற்கிறது. வயதான பூனைக்குத் தசை கரைந்துவிட்டால் கிரியாட்டினின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். முதலில் ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா, பிபி எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்பரஸ் அளவோடு இருந்தால், மாவுச்சத்து குறைந்த ஈர உணவிலேயே பாஸ்பரஸ் குறைந்ததாகத் தேடிக் கொடுக்கலாம். பாஸ்பரஸ் ஏறியிருந்தால் நான் கிட்னி உணவின் பக்கம்தான் நிற்பேன். அதனால் கூடும் சுகரை இன்சுலின் பார்த்துக்கொள்ளும். கிட்னிக்கு உணவைவிடப் பெரிய மருந்து நம் கையில் இல்லை.

இரண்டுக்கும் மேலே ஒன்று உண்டு: பூனை சாப்பிட வேண்டும். ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுத்துவிடும், குண்டான பூனை என்றால் இன்னும் சீக்கிரம். கிட்னி உணவைத் தொடாமல் தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தால், பழைய உணவையே வையுங்கள். புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சில வாரங்களில் கலந்து மாற்றலாம்.

சுகர் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த வயதில் சுகர் 100-லேயே நிற்க வேண்டும் என்று நான் துரத்த மாட்டேன். நாளின் பெரும்பகுதி 300-ஐத் தாண்டாமல், எந்த நேரத்திலும் 80-க்குக் கீழே இறங்காமல், எடை குறையாமல், தண்ணீர்க் கிண்ணத்தையே கதியென்று கிடக்காமல் இருந்தால் போதும். கிட்னி மேலும் கெட்டால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், டோஸைக் குறைக்க வேண்டி வரலாம். அதனால் எடையை வாரா வாரம் எழுதி வையுங்கள்.

ஓசூர்: கிளார்ஜின் இன்சுலின் 1 யூனிட் காலை மாலை போடச் சொன்னார்கள். மெடிக்கலில் சிவப்பு மூடி சிரிஞ்ச் கொடுத்தார்கள். சரிதானே மேடம்?

தம்பி, இதைப் படித்ததும் அந்த சிரிஞ்சை எடுத்து வைத்துவிடுங்கள். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அளவில் விற்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பாட்டிலில் வரும் கிளார்ஜின் 100 யூனிட் மருந்து. அதைச் சிவப்பு மூடியில் 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். மூன்றரைக் கிலோ பூனைக்கு அது சாதாரண விஷயம் இல்லை. மனிதர் 20 யூனிட் போடுகிற இடத்தில் அரை யூனிட் பிழை தெரியாது, பூனைக்குத் தெரியும். ஆரஞ்சு மூடியிலேயே 30 யூனிட் வரை மட்டும் கோடு போட்ட சின்ன சிரிஞ்ச் கேளுங்கள், ஒரு யூனிட்டைக் கண்ணால் பார்த்து இழுக்க முடியும். கிளார்ஜினைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யவும் கூடாது.

பர்கூர்: 11 வயதுப் பெண் பூனை. செக்கப்புக்குப் போனபோது சுகர் 290. வீட்டில் நன்றாக இருக்கிறாள். இன்சுலின் தொடங்கலாமா?

கூடையில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, நாய் குரைக்கிற வராண்டாவில் உட்கார வைத்தால் நோயில்லாத பூனைக்கே சுகர் 300-ஐத் தொடும். ஒரே ஒரு எண்ணை நம்பி ஊசி தொடங்காதீர்கள். முந்தைய இரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃபுரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் வீட்டிலேயே சிறுநீரில் சுகர் பாருங்கள். தண்ணீரையும் அளக்கலாம்: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் குடித்தால் ஏதோ நோய் இருக்கிறது.

ஊத்தங்கரை: நாலு மாதமாக இன்சுலின் போடுகிறோம். டோஸ் ஏறிக்கொண்டே போகிறது, சுகர் இறங்கவில்லை. எந்நேரமும் பசி என்று கத்துகிறது, ஆனால் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டது. 13 வயது.

டோஸை ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பூனையைத் திரும்பப் பாருங்கள். வயதான பூனை தின்று தின்று இளைத்தால் எனக்கு முதல் சந்தேகம் தைராய்டு. டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு கூடிய பூனைக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஃபுரக்டோசமினும் குறைவாகக் காட்டி ஏமாற்றும். இன்னொன்று, தைராய்டு வேகத்தில் கிட்னிக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் கிட்னி நோய் மறைந்திருக்கும். தைராய்டு மாத்திரை தொடங்கியபின் கிரியாட்டினின் ஏறினால் மாத்திரைதான் கெடுத்தது என்று நிறுத்திவிடாதீர்கள். மறைந்திருந்தது வெளியே தெரிகிறது, டாக்டரிடம் காட்டி அளவைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். சொத்தையும் சீழும் இருக்கும்வரை இன்சுலின் தோற்கும். சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான், சுகர் பூனைக்கு அது வெளியே தெரியாமல் இருக்கும். அரிப்புக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு போகிறதா என்பதையும் சொல்லுங்கள். போனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ஸ்கேன் வரை பார்க்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். ஓசூர் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில்.

காரிமங்கலம்: மனிதர்களுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. பூனைக்கு அது பெரிதாக உதவாது, கிட்னி கெட்ட பூனைக்கு ஆபத்து.

பென்னாகரம்: எங்கள் அப்பாவுக்கும் சுகர், பூனைக்கும் சுகர். அப்பா கேழ்வரகுக் களிக்கு மாறியபின் குறைந்திருக்கிறது. பூனைக்கும் களியும் மோரும்தான் வைக்கிறோம். சரிதானே?

சரி இல்லை ஐயா. கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து. அரிசிச் சோற்றை விட்டுக் களிக்கு வந்த மனிதருக்கு அது நல்லது. பூனை உடம்பு வேறு. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி கிடையாது. சாப்பிட்டதும் ஏறும் சுகரைச் சட்டென்று பிடித்து வைக்கிற வேலையும் அதன் ஈரலில் மிகக் குறைவு. இனிப்புச் சுவையே பூனை நாக்குக்குத் தெரியாது. கறி தின்னவே அமைந்த உடம்பு அது.

*பாலக்கோட்டிலிருந்து ஒருவர் மறுத்தார்: "எங்கள் பாட்டி வீட்டுப் பூனை களியும் மோரும் சாப்பிட்டே 15 வருடம் இருந்தது."*

அந்தப் பூனை பாட்டி வைத்த களியோடு திருப்திப்பட்டிருக்காது. ராத்திரி குதிருக்கடியில் எலி பிடித்திருக்கும், ஓட்டின்மேல் ஓணான் பிடித்திருக்கும். களி மேல்செலவு, எலிதான் சாப்பாடு. இப்போது சுகர் வந்து சோபாவில் படுத்திருக்கும் பூனைக்கு நீங்கள் வைப்பது மட்டும்தான் உணவு.

*தருமபுரியிலிருந்து இன்னொருவர்: "நாங்கள் சைவம், வீட்டில் கறி புழங்க மாட்டோம். தயிர்சாதத்தோடு சத்து மருந்து சேர்த்தால் போதாதா? எல்லோரையும் மாமிசம் வாங்கச் சொல்வது நியாயமா?"*

உங்கள் வீட்டு வழக்கத்தில் நான் தலையிடவில்லை அம்மா. பூனைக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும், செடி கொடிகளில் அது கிடையாது. அது குறைந்தால் கண் விழித்திரை கெடும், இதயம் வீங்கும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-லேயே நிரூபித்துவிட்டார்கள். ஒரு சொட்டு மருந்தை விட்டுத் தயிர்சாதத்தைப் பூனை உணவாக்க முடியாது. பாக்கெட்டில் வரும் ஈர உணவைப் பின்கட்டில் தனித்தட்டில் வையுங்கள், சமையலறைக்குள் வர வேண்டியதில்லை.

*பாலக்கோட்டுக்காரர் விடவில்லை: "அப்படியானால் கருவாடு?"*

கிட்னி நோய் இல்லாத பூனைக்கே உப்பும் பாஸ்பரஸும் நிறைந்த கருவாடு தேவையில்லை. சுகரும் கிட்னியும் சேர்ந்த பூனைக்கு வேண்டவே வேண்டாம். அணை மீன் கிடைத்தால் உப்பு, மிளகாய் போடாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, எப்போதாவது ருசிக்குக் கொஞ்சம் கொடுக்கலாம்.

*தருமபுரி அம்மா: "பால்?"*

பாலில் இருப்பதும் சர்க்கரைதான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கையும் கொடுக்கும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி: க்ளிமிபிரைடு மாத்திரை கொடுக்கலாமா?

காரிமங்கலத்துக்குச் சொன்னதேதான். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் எந்தச் சுகர் மாத்திரையும் பூனைக்கு வேண்டாம்.

ஓசூர், இன்னொருவர்: அமெரிக்காவில் ஊசியே இல்லாமல் பூனைக்கு மாத்திரை வந்துவிட்டதாமே?

வந்திருக்கிறது. பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022 டிசம்பரிலும், சொட்டுமருந்தாக வேலாகிளிஃப்ளோசின் 2023-லும் அங்கே அனுமதி பெற்றன. இதற்கு முன் இன்சுலின் போடாத, மற்றபடி ஆரோக்கியமான பூனைகளுக்கு மட்டும். கிட்னியோ ஈரலோ கணையமோ கெட்ட பூனைக்குக் கொடுக்கக்கூடாது. சுகர் எண் நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போகும் ஆபத்து அதில் உண்டு. அதே வகை என்று வீட்டில் இருக்கும் டாபாகிளிஃப்ளோசினை உடைக்காதீர்கள். மாத்திரை பற்றி இதுவே கடைசிப் பதில்.

பாப்பிரெட்டிப்பட்டி: பூனை பின்னங்காலின் குதி தரையில் பட நடக்கிறது. அலமாரிமேல் ஏற முடியவில்லை. மூட்டுவலியா? பாராசிட்டமால் கொடுக்கட்டுமா?

பாராசிட்டமாலைத் தொடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். குதி தரையில் பதிந்து, முயல் உட்காருவதுபோல் கால் மடிந்து நடப்பது சுகரால் நரம்பு கெட்டதன் அடையாளம். சுகர் கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும். மூட்டுத் தேய்மானமும் கூடவே இருக்கலாம். அதற்கு மெலாக்சிகாம் கொடுப்பார்கள், ஆனால் கிட்னி அறிக்கையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மலத்தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள், ஏறி இறங்க எளிதாக இருக்கும்.

அரூர்: காலையில் சாப்பிடவில்லை. ஊசி நேரம் தவறக்கூடாது என்று போட்டுவிட்டேன். மதியம் தள்ளாடியது. தேன் தடவினேன், எழுந்துவிட்டது.

தேன் தடவியது சரி. ஈறில்தான் தடவ வேண்டும், தொண்டையில் ஊற்றக்கூடாது. வலிப்பு வந்தால் விரலை வாய்க்குள் விடாதீர்கள். எழுந்துவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், இன்சுலின் வேலை செய்யும் நேரம் முடியும்வரை சுகர் மறுபடி இறங்கலாம். ஒரு வேளை ஊசி தவறினால் பூனை சாகாது. சாப்பிடாத பூனைக்குப் போட்ட ஊசியால் சாகலாம். சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் அது வேறு அவசரம், உடனே ஆஸ்பத்திரி.

உங்கள் சிரிஞ்ச் மூடி என்ன நிறம் என்று எழுதவில்லை. பாருங்கள்.

ஒகேனக்கல்: வீட்டில் சுகர் பார்க்கக் காதில் குத்தச் சொல்கிறார்கள். ரத்தமே வரவில்லை.

காது குளிர்ந்திருந்தால் வராது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். விளிம்பில் வாசலின் மெல்லிசாகப் பூசினால் சொட்டு முடிக்குள் பரவாமல் குண்டாக நிற்கும். காதின் பின்னால் பஞ்சு வைத்து, ஓர ரத்தக் குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவில் குத்துங்கள். ஸ்ட்ரிப்பைச் சொட்டின் பக்கம் கொண்டுபோங்கள், அது தானாக உறிஞ்சும். மனிதர்களுக்கான மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். எப்போதும் ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை: பசுவுக்கு மடிவீக்கம்.

இங்கே வேண்டாம் ஐயா, கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்காதீர்கள்.

மத்தூர்: ஊசி போடும்போது கடித்துவிட்டது.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

போச்சம்பள்ளி: கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமா?

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். நாள் முழுக்கப் போனால், பாட்டிலைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு மண்பானைத் தண்ணீரில் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தது போனதுதான். கிளார்ஜின் கலங்கித் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

சூளகிரி: 17 வயதுப் பூனைக்கு தினம் இரண்டு ஊசி போட்டு வதைப்பது பாவம் என்று மாமியார் சொல்கிறார்.

அவர் பூனைமேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். இன்சுலின் ஊசி மிக மெல்லியது, சாப்பிடும்போது தோலைத் தூக்கிப் போட்டால் பல பூனைகள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒருமுறை அவரையே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சுகரைக் கவனிக்காமல் விட்டால் வரும் தாகமும் வாந்தியும்தான் வதை. ஆனால் ஊசி போட்டும் அது சாப்பிடவில்லை, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவில்லை, ஆளைக் கண்டால் ஒளிகிறது என்ற நாட்கள் நல்ல நாட்களைவிட அதிகமானால், டாக்டரிடம் வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றிப் பேசுங்கள். அதில் பாவம் இல்லை அம்மா.

ஓசூர், மூன்றாமவர்: கல்யாணத்துக்கு இரண்டு நாள் வெளியூர் போகிறோம். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாமா? எந்த சிரிஞ்ச் கொடுத்துவிட்டுப் போவது?

பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் முன்னால் இரண்டு முறையாவது தானே ஊசி போட்டுப் பழகியிருந்தால் போகலாம். "சாப்பிட்டால் ஊசி, சாப்பிடாவிட்டால் ஊசி இல்லாமல் எனக்குப் போன்" என்று தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். டாக்டர் நம்பரையும் அதிலேயே எழுதுங்கள், பக்கத்தில் தேன் பாட்டிலை வையுங்கள். வீட்டில் வேறு நிற மூடி சிரிஞ்ச் இருந்தால் ஊருக்குக் கிளம்பும் முன் அப்புறப்படுத்திவிடுங்கள். போட்டு முடித்த ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள், திரும்பி வந்து கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம்.