பதில்: கிளப் பெங்குவின் பழைய கணக்கை மீட்க முடியுமா?

தம்பி, அந்த ஆளுக்கு ரீலோட் (ஃபோன் காசு) அனுப்பிடாதீங்க. தலவாக்கலை டவுன்ல கம்யூனிக்கேஷன் கடையில உக்காந்து நீங்களும் அக்காவும் பெங்குவினா சுத்தி விளையாடின அந்த ஆன்லைன் கேம் கணக்கை 2,000 ரூபாவுக்கு மீட்டுத் தர்றேன்னு சொல்றாரே, மீட்க அங்க ஒண்ணுமே இல்ல. டிஸ்னி 2017 மார்ச் கடைசியில சர்வரையே மூடிருச்சு. உங்க இக்ளூ வீடு, பஃபிள் செல்லப்பிராணி எல்லாம் அதோட போச்சு.

ரசிகர்கள் நடத்துற நகல் சர்வர்கள்ல புதுக் கணக்குத் திறந்து ஆடலாம். ஆனா உஷார். அதுல பெருசா இருந்த 'கிளப் பெங்குவின் ரீரிட்டன்' 2022 ஏப்ரல்ல லண்டன் போலீஸ் கைக்குப் போச்சு, மூணு பேர் கைது. அதுக்கு முன்னாடியே 2018லயும் 2019லயும் அங்கிருந்து லட்சக்கணக்கான பேரோட விவரம் கசிஞ்சது. அதனால ஜிமெயிலுக்குப் போடுற பாஸ்வேர்டை அங்க போடவே கூடாது. "பழைய ஃபிளாஷ் பிளேயர்"னு லிங்க் வந்தாலும் தொடாதீங்க. அந்தக் காலத்து பிரவுசர் கேமை ஓட்டின அந்த மென்பொருளை அடோபி 2020 டிசம்பர் 31ஓட நிறுத்தியாச்சு. பழைய ஃபிளாஷ் கேம் பலதும் இப்ப பிரவுசர்லயே ரஃபிள்ங்கிற மென்பொருள்ல ஓடும், அது இலவசம்.

கிளப் பெங்குவின்ல எல்லாரும் மஞ்சத் தொப்பி போட்டு ஓரமா நின்னு பனிப்பாறையைக் கவிழ்க்கப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கா? மூடப்போற நேரத்துல கடைசிப் பார்ட்டியிலதான் அது கவிழ்ந்துச்சு. பாவிகள், அத்தனை வருசம் காக்க வச்சாங்க!

கட்டார்ல இருக்கிற அக்காகிட்ட பழைய யாஹூ மெயில்ல தேடச் சொல்லுங்க. கணக்குத் திறந்தப்ப வந்த மெயில் இருந்தா பெங்குவின் பேரு கிடைக்கும், அதே பேரை யாரும் எடுக்கலைன்னா புது இடத்துல போட்டுக்கலாம்.