கேள்வி பதில்: அன்னாவின் நிபந்தனையும் சாட் டெக்கரின் தலையசைப்பும்

கேள்வி: 'வி' தொடரில் வரும் தொலைக்காட்சிச் செய்தியாளர் சாட் டெக்கரை எங்கள் வீட்டில் எல்லோரும் துரோகி என்றே சொல்கிறோம். ஆனால், யோசித்துப் பார்த்தால், தொடக்கத்தில் அவர் பொய் எதுவும் சொல்வதில்லை. அவர் செய்த குற்றம்தான் என்ன?

பதில்: 2009 நவம்பர் 3ஆம் தேதி அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் அத்தியாயத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. உலகின் 29 பெருநகரங்களுக்கு மேலே, மனித உருவில் வரும் வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவற்றின் தலைவி அன்னா சமாதானம் பேசுகிறாள். செய்தியாளர் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் அச்சமும் சந்தேகமுமாக அமர்ந்திருக்க, சாட் எழுந்து, உங்கள் இனத்தில் அழகில்லாதவர் என்று யாராவது உண்டா என்று கேட்கிறார். மனித குலத்தின் தலையெழுத்தே மாறக்கூடிய ஒரு நாளில், அந்தக் கேள்வியால் யாருக்கும் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. கேட்டவர் யார் என்பது மட்டும் எல்லோர் மனத்திலும் பதிகிறது. அன்னாவின் மனத்திலும் பதிகிறது. அவளுடைய தனிப் பேட்டிக்கான வாய்ப்பு அவரைத் தேடி வருவது அதற்குப் பிறகுதான்.

நேரலை தொடங்குவதற்குச் சற்று முன்பு, தங்களைத் தவறாகக் காட்டக்கூடிய கேள்வி எதையும் கேட்க வேண்டாம் என்று அன்னா இயல்பான குரலில் சொல்கிறாள். சாட் ஒரு கணம் திகைத்து, மறுப்புத் தெரிவிக்கிறார். அப்படியானால் பேட்டியே வேண்டாம் என்கிறாள் அவள். அவர் தலையசைத்துவிடுகிறார். அவள் பணம் கொடுக்கவில்லை, மிரட்டவில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொல்லவும் இல்லை. கைக்கெட்டிய பெருமையை இழக்க இந்த மனிதர் துணியமாட்டார் என்று கணக்கிட்டிருந்தாள், கணக்குத் தப்பவில்லை.

அவர் செய்த குற்றம் அந்தத் தலையசைப்புத்தான் என்பது என் கருத்து. சொல்லப்பட்ட பொய்யைப் பின்னாளில் யாராவது எடுத்துவைத்துப் பொய் என்று நிறுவ முடியும். கேட்கப்படாத கேள்விக்கோ தடயமே கிடையாது. நிபந்தனையோடு ஒரு பேட்டி எடுக்க நேர்ந்தால் அந்த நிபந்தனையை நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது செய்தித் துறையில் பலரும் மதிக்கும் நெறி. சாட் ஒரு வாக்கியத்தில் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பேட்டியின் பொருளே மாறியிருக்கும், அவருடைய பெருமையும் குறைந்திருக்கும். எனவே, பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கானவர்கள், ஒரு சுதந்திரமான செய்தியாளர் தங்களுக்காகக் கேட்கிறார் என்றே நம்பினார்கள். அன்னாவுக்கு வேண்டியிருந்தது அந்த நம்பிக்கைதான். அதை அவளால் வேறு எந்த வழியிலும் பெற்றிருக்க முடியாது. துரோகி என்று நீங்கள் சொல்வது கடுமையான சொல்தான். ஆனால், நியாயமற்ற சொல் அல்ல.

கேள்வி: அவரைக் கோழை என்று சொன்னால் போதாதா? கர்வம் என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்?

பதில்: கோழைக்குத் தான் பயப்படுவது தெரியும். சாட் பயப்படவில்லை. இன்று விட்டுக்கொடுத்தால் நாளை இன்னும் உயரத்தில் இருப்பேன், அந்த உயரத்திலிருந்து கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொள்வேன் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். இந்த விளையாட்டில் அன்னாவைத் தான்தான் பயன்படுத்திக்கொள்வதாகவும் பல அத்தியாயங்கள் வரை எண்ணுகிறார். ஸ்காட் வுல்ஃப் இதை மிக நுட்பமாக நடித்திருக்கிறார்: கேமரா அணைந்த பிறகும் அது தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற ஒரு நிமிர்வு அவரிடம் இருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகளின் மருத்துவ மையத்தில், உங்கள் மூளையின் ரத்தக் குழாயில் வீக்கம் வரப்போகிறது என்று அவரிடம் சொல்லப்படும் கட்டத்தில்தான் முதல் முறையாக உயிர்ப்பயம் நுழைகிறது. அதற்குள் அவர் வெகுதூரம் போய்விட்டார்.

கேள்வி: 1983இல் வந்த மூலத் தொடரிலும் இப்படி ஒரு பாத்திரம் உண்டாமே?

பதில்: உண்டு. கென்னத் ஜான்சன் உருவாக்கி என்பிசியில் 1983 மே மாதம் இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பான அந்தக் குறுந்தொடரில் கிறிஸ்டின் வால்ஷ் என்ற பெண் செய்தியாளர் வருகிறார். சர்வாதிகாரம் அமெரிக்காவுக்குள் புகுந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்த சின்க்ளேர் லூயிஸின் 1935ஆம் ஆண்டு நாவல்தான் ஜான்சனுக்குத் தூண்டுதல். அதனால் செய்தித் துறை அந்தக் கதையில் ஓரமாக நிற்காமல் நடுவிலேயே நிற்கிறது. மைக் டோனவன் என்ற ஒளிப்பதிவாளர் கப்பலுக்குள் ஒளிந்து சென்று, வந்தவர்கள் மனிதத் தோலுக்கு அடியில் ஊர்வன இனம் என்பதைப் படம் பிடிக்கிறார். அவருக்கு ஒரு காலத்தில் நெருக்கமாக இருந்த கிறிஸ்டினோ வந்தவர்களின் அதிகாரபூர்வப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்கிறார்.

1984இல் அதன் தொடர்ச்சியாக வந்த 'இறுதிப் போர்' குறுந்தொடரில், நேரலை நிகழ்ச்சி ஒன்றில் அவர்களுடைய தளபதியின் முகமூடியைப் போராளிகள் கிழித்தெறிகிறார்கள். இது ஏமாற்று வேலை என்று நேயர்களிடம் சொல்லும்படி, வந்தவர்களின் தலைமையில் ஒருத்தியான டயானா கிறிஸ்டினுக்குக் கட்டளையிடுகிறாள். கிறிஸ்டின் கேமராவைப் பார்த்து, கண்ணால் கண்டது உண்மை என்றே சொல்கிறார். டயானா அவரை அங்கேயே சுட்டுக் கொல்கிறாள். எத்தனை முறை பார்த்தாலும் என்னைக் கலங்கவைக்கும் காட்சி இது. அதுவரை அவர் செய்தவற்றை எல்லாம் அந்தச் சில நொடிகள் அழித்துவிடுவதில்லை. ஆனால், எந்த நேயர்களை ஏமாற்றினாரோ அதே நேயர்களிடம், அதே கேமராவின் முன் உண்மையைச் சொன்னார்.

கேள்வி: சாட்டும் பின்னால் மனம் மாறுகிறாரே? அவரை மன்னிக்கலாம் அல்லவா?

பதில்: முதல் சீசனின் முடிவில், மனிதர்களைக் கப்பலில் தங்கவைப்பதாகத் தான் விளம்பரம் செய்த திட்டத்தை நம்பி அங்கே போனவர்கள் அங்கே ஆய்வுப் பொருள்களாகக் கிடப்பதை அவர் நேரில் பார்க்கிறார். வந்தவர்களை எதிர்க்கும் இயக்கத்தில் இருக்கும் பாதிரியார் ஜாக்கிடம் வந்து, தான் தவறிவிட்டதை ஒப்புக்கொள்கிறார். இரண்டாவது சீசனில் அன்னாவின் நம்பிக்கைக்கு உரியவராக நடித்துக்கொண்டே எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவுகிறார். அதில் உயிருக்கே ஆபத்து உண்டு, நான் அதை மதிக்கிறேன். இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது: அவர் உண்மையைச் சொன்னது நாலு சுவருக்குள். திரைக்கு வரும்போது பழைய புன்னகையே தொடர்கிறது. ரகசியமாக உதவ வேண்டியிருந்ததால் அது தவிர்க்க முடியாதது என்று தொடருக்காக வாதாடலாம். ஆனால், அவரை நம்பி மகனையோ மகளையோ கப்பலுக்கு அனுப்பிய ஒரு தாய்க்கு அந்த ரகசியத்தால் என்ன பயன்?

கேள்வி: அவருடைய கதைக்கு முடிவு உண்டா? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: முறையான முடிவு இல்லை. இரண்டு சீசன்களில் 22 அத்தியாயங்களோடு 2011 மார்ச்சில் தொடர் நின்றுவிட்டது, பல முடிச்சுகள் அவிழாமலே இருக்கின்றன. 1983இன் இரண்டு பகுதிகளையும் 1984இன் மூன்று பகுதிகளையும் முதலில் பார்த்துவிட்டு 2009க்கு வாருங்கள். அப்போது, அந்தப் பேட்டிக் காட்சியில் அன்னா பேசும்போது, உங்கள் கண் சாட்டின் முகத்தின் மீதே இருக்கும்.