பெயின்ட் முதலில், மண் பிறகு

கேள்வி: எங்கள் பகுதியில் காலியாகக் கிடந்த மனையில் தோட்டம் போட்டு, சுவரெல்லாம் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். வாரக் கடைசியில் யார் வேண்டுமானாலும் வந்து செடி நடலாம், தொட்டிக்கு வர்ணம் அடிக்கலாமாம். எட்டு வயது மகளோடு முதல்முறை போக ஆசை. எனக்குச் செடியும் வளர்க்கத் தெரியாது, படமும் வரையத் தெரியாது. இடைஞ்சலாக நிற்பேனோ என்று தயக்கம்.

பதில்: தெரியாதவர் வந்தால் அங்கே யாருக்கும் சிரமமில்லை. கேட்காமல் களை பிடுங்குபவரால்தான் சிரமம். முளைத்த புதிதில் கேரட் நாற்று புல்லைப் போலவே இருக்கும்; ஆர்வக்கோளாறில் ஒரு வரிசையே போய்விடும். போனதும் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, "இன்று என்ன வேலை இருக்கிறது?" என்று விசாரியுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் மூடாக்குப் போடுவதும் (காய்ந்த இலை, வைக்கோலால் மண்ணை மூடுவது) முதல் நாளுக்கு ஏற்ற வேலைகள்.

விரல் மூடிய செருப்பு அல்லது ஷூ, கறைபட்டாலும் கவலையில்லாத பழைய பருத்தி உடை, தொப்பி, குடிநீர், ஒரு பழைய துணி, சோப்பு. இவை போதும். கருவிகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சோப்பை வலியுறுத்தக் காரணம் உண்டு. நகரத்து மனைகளின் மேல்மண்ணில் பழைய பெயின்ட்டும் முன்னாளில் பெட்ரோலில் கலந்த ஈயமும் தங்கியிருக்கலாம். ஈயம் மட்காது. பல இடங்களில் தரையில் நடாமல், வேறு மண் நிரப்பிய மேட்டுப்பாத்தியில் நடுவதற்கு இது ஒரு காரணம். குழந்தை விரலை வாயில் வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும்; ஈயத்தை எடுக்காது.

மேட்டுப்பாத்தியின் அகலம் பெரும்பாலும் 120 செ.மீ.க்கு மேல் போகாது. இரு பக்கமும் நின்று நடுப்பகுதியை எட்டுவதற்காகத்தான் அந்த அளவு. உள்ளே காலை வைத்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாது. மகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் விரலை 2, 3 செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமிருந்தால் வேண்டாம். ஊற்றும்போது இலை மேல் அல்ல, தூரில். நனைந்த இலையில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். நாற்றைத் தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடிக்கச் சொல்லுங்கள்: கிழிந்த இலைக்குப் பதில் வேறு இலை வரும், நசுங்கிய தண்டு அதோடு சரி.

தொட்டிக்கு வர்ணம் அடிப்பதில்தான் அதிகம் ஏமாற்றம் வரும். அடித்த கையோடு மண் நிரப்பி, செடி வைத்து, தண்ணீரும் ஊற்றிவிடுவார்கள். சில நாளில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும். அந்த ஈரம் தொட்டியின் சுவர் வழியே வெளியேறப் பார்த்து பெயின்ட்டைத் தள்ளுகிறது. எனவே போனதும் வர்ண வேலையைத் தொடங்குங்கள். நன்கு காய்ந்த தொட்டியைத் துணியால் தூசி போகத் துடைத்து, அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு பூச்சு. இடையில் அரை மணி நேரம். மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் அடித்தால் கீழ்ப்பகுதி வழியாக ஈரம் போய்விடும். முழுவதும் அடிக்கத்தான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், உட்புறத்தில் நீர் கசியாத பூச்சு கொடுங்கள். அடித்துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். முதல் பூச்சு காயும் நேரத்தில் பாத்திப் பக்கம் போகலாம், கையைக் கழுவிவிட்டு இரண்டாம் பூச்சுக்கு வரலாம். செடி வைப்பது மறுநாள், வீட்டில்.

பிரஷ் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக்தான். முதலில் பழைய துணியில் பிரஷைத் துடைத்துவிட்டு, அவர்கள் வைத்திருக்கும் வாளியில் கழுவுங்கள்.

சுவர் ஓவியத்தைப் படமெடுப்பதில் பெரும்பாலும் தடை இருக்காது. வேலை செய்பவர்களை எடுக்குமுன் கேளுங்கள். பிடித்த செடியில் கிளை ஒடிக்கவும் அப்படியே. கேட்டால் அவர்களே கணுவுக்கு (இலை முளைக்கும் இடத்துக்கு)க் கீழே வெட்டி 10, 15 செ.மீ. துண்டு தருவார்கள். ஈரத்தாளில் சுற்றி, வெயில் படாமல் எடுத்து வந்து, அன்றே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நட்டுவிடுங்கள்.