வால்வு மாத்துன அப்பாவுக்கு பல்லு எடுக்குறது பத்தி

தம்பி, அப்பா ஹார்ட் வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுறார், கடவாய்ப்பல் எடுக்கணும், மன்னார்குடியில தெரிஞ்சவர் ஒருத்தர் அஞ்சு நாள் மாத்திரைய நிறுத்த சொல்றார்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு நீங்களா நிறுத்திடாதீங்க. பல்லு எடுத்த எடத்துல ரத்தம் வந்தா பஞ்சு வச்சு அமுக்கலாம், தையல் போடலாம், ஆனா செயற்கை வால்வுல ரத்தம் உறைஞ்சு அது மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம், அத திருப்பவே முடியாம போயிடலாம்.

மொதல்ல ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாக்குற ரத்த டெஸ்ட், எண்ணு கூடுனா ரத்தம் உறைய லேட்டாகும்) பாருங்க, முந்தின நாள் எடுத்ததா இருக்கட்டும். 3.5-க்குள்ள இருந்தா ஒண்ணு ரெண்டு பல்ல மாத்திரை ஓடும்போதே பொதுவா எடுப்பாங்க, ஹார்ட் டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு போங்க. வால்வுல கிருமி தொத்தாம இருக்க பல்லு எடுக்குறதுக்கு அரை மணிலேருந்து ஒரு மணி நேரம் முன்னாடி அமாக்சிசிலின் 2 கிராம் குடுப்பாங்க, பென்சிலின் அலர்ஜி இருந்தா மொதல்லயே சொல்லிடணும்.

நெறைய பேர் கோட்டை விடுறது அதுக்கப்புறம்தான். மெட்ரோனிடசோல்ங்கிற கிருமி மாத்திரை அசிட்ரோமோட சேந்தா ஐஎன்ஆர் எகிறிடும், டைக்ளோபினாக், ஐபுப்ரோபன்ங்கிற வலி மாத்திரை ரெண்டும் ரத்தப்போக்க கூட்டும், அதனால மெடிக்கல் ஷாப்ல நீங்களா எதுவும் வாங்காதீங்க, வலிக்கு பாராசிட்டமால் போதும்னுதான் பெரும்பாலும் சொல்வாங்க.

காலையிலயே போயிடுங்க, ராத்திரி ரத்தம் வந்தா தஞ்சாவூர் வரைக்கும் ஓடணும். வெத்தலை சீவல் போடுற பழக்கம் இருந்தா புண்ணு ஆறுற வரைக்கும் கண்டிப்பா கூடாது, அன்னைக்கு வாய் கொப்பளிக்கவோ துப்பவோ வேணாம். அரை மணி நேரம் நல்லா அமுக்கியும் நிக்கலன்னா உடனே கூட்டிட்டு போங்க.