குதிகாலில் முள்: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: வயது 44. ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். ஐந்து மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி குத்துவதுபோல் இருக்கிறது. நாலு எட்டு நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள்போல் வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: அந்த எக்ஸ்ரேயைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் அம்மா. குதிகால் வலி என்றால் என்னவென்றே தெரியாத பலருடைய எக்ஸ்ரேயிலும் இதே முள் இருக்கும். படத்தைப் பார்த்தால் அதுதான் குத்துகிறது என்று யாருக்கும் தோன்றும். நீங்கள் சொல்லும் 'முதல் அடி' வலிக்குப் பெரும்பாலும் காரணம் எக்ஸ்ரேயில் தெரியாத ஒரு சவ்வு.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றில் பெரியது குதிகால் எலும்பு. அதன் அடியில் தொடங்கி விரல்கள்வரை தடித்த சவ்வு ஒன்று போகிறது. பாதத்தின் வளைவு வில் என்றால் இது நாண். நிற்க நிற்க உடம்பின் பாரம் வில்லை அமுக்கும், நாண் இழுபடும். குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் அது முதலில் நைந்துபோகும். இரவில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் நாண் சுருங்கியிருக்கும். காலையில் ஊன்றியதும் வெடுக்கென்று இழுக்கும். உங்கள் ஆணி அதுதான். முள்ளைச் செதுக்கி எடுத்தாலும் நைந்த நாண் அப்படியேதான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே, கட்டிலில் உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் விரல்களைப் பிடித்து உங்கள் பக்கமாக மேலே வளையுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். உள்ளே கம்பிபோல் விறைத்திருந்தால் சரியாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, தினம் மூன்று வேளை. கூடவே சுவரில் கை ஊன்றி, வலது காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் கெண்டைக்கால் சதையை இழுத்துவிடுங்கள். ராத்திரி ஐஸ் ஆக்கிய தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலால் ஐந்து நிமிடம் உருட்டலாம்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வேண்டும். குதிகால் தேய்ந்த பழைய ஹவாய் செருப்பு ஆகாது. கடையில் உட்காரக் கேளுங்கள். பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. கேட்கச் சங்கடமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

வாரக்கணக்கில் சரியாகிற வலி இல்லை இது. மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும். குதிகாலில் ஊசி போட்டால் வலி சட்டென்று குறையும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் மெலியலாம்.

வீக்கம், காய்ச்சல், படுத்திருக்கும்போதும் விடாத வலி, காலையில் இடுப்பு அரைமணிக்கு மேல் இறுகிக் கிடப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அப்புறம், சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் மரத்த உணர்வும் இருந்தால் ஐஸ் பாட்டில் வேண்டாம்.