ஜூன் 28 அன்று வரலாற்றில் நடந்த முக்கிய நிகழ்வுகள் என்னென்ன? பட்டியல்களில் தரப்படும் தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டே நிகழ்வுகளைத்தான் சொல்லலாம் என்றால், 1914-ல் சரயேவோவில் நடந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசரின் கொலையையும் 1919-ல் கையெழுத்தான வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையையும் சொல்வேன். முதல் உலகப்போருக்குத் தீ வைத்தது முன்னது. ஜெர்மனியோடு நடந்த போரைச் சட்டப்படி முடித்துவைத்தது பின்னது. இரண்டுக்கும் இடையே சரியாக ஐந்து ஆண்டுகள்.

ஆனால் ஜூன் 28-க்கு ஒரு தனிக் குணம் உண்டு. அந்தத் தேதியில் நடந்தவற்றில் பல, முன்பு அதே நாளில் நடந்ததை மனத்தில் வைத்து நடந்தவை. வேறு சில, யாரோ நாட்காட்டியைத் தவறாகக் கணக்குப் போட்டதால் அந்தத் தேதிக்குள் நுழைந்தவை. பட்டியல் போடுபவர் இந்த இரு வகையையும் பிரித்தறிய வேண்டும்.

முதலில் வேரிலிருந்து வருவோம். 1389-ல் கொசோவோ சமவெளியில் செர்பிய இளவரசர் லாசரின் படையும் ஒட்டோமான் சுல்தான் முதலாம் முராதின் படையும் மோதின. இரு தலைவர்களும் அன்றே மாண்டார்கள். அது ஐரோப்பாவின் பழைய நாட்காட்டியான ஜூலியனில் ஜூன் 15. செர்பியத் திருச்சபையில் அது புனித வீதுஸின் நாள், அவர்கள் மொழியில் விடோவ்தான். செர்பிய நினைவில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. திருச்சபை இன்றுவரை ஜூலியன் கணக்கையே பின்பற்றுவதால், அந்த ஜூன் 15, இன்றைய நம் கிரிகோரியன் நாட்காட்டியில் ஜூன் 28 அன்று வருகிறது.

பட்டியல்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'ஜூன் 28, 1389: கொசோவோ போர்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எந்த நாட்காட்டிப்படியும் அது சரியல்ல. இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையே 13 நாள் வித்தியாசம் என்பது 1900-க்குப் பிறகு வந்தது. 1389-ல் வித்தியாசம் 8 நாள்தான். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஜூன் 23 என்று வரும். கிரிகோரியன் நாட்காட்டி வந்த 1582-க்கு முந்தைய தேதிகளை மாற்றாமல் ஜூலியனிலேயே விடுவதுதான் வரலாற்று ஆசிரியர்களின் வழக்கம். ஆகவே போரை ஜூன் 15-ல் போடுங்கள். ஜூன் 28-ல் 'கொசோவோ போரின் நினைவு நாள்' என்று மட்டும் எழுதுங்கள்.

இப்போது 1914. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சரயேவோவுக்கு வந்த அன்று அந்த நகரில் தேதி ஜூன் 28, ஜூலியன் கணக்கிலிருந்த செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் தேதி ஜூன் 15, விடோவ்தான். காலை பத்து மணிக்குப் பின், கொலைச் சதிக் குழுவைச் சேர்ந்த சாப்ரினோவிச் வீசிய குண்டு இளவரசரின் காரைத் தாண்டிப் பின்னால் வந்த காருக்கு அடியில் வெடித்தது. நகர மன்ற வரவேற்பு முடிந்ததும், காயம்பட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போவதென்று பாதையை மாற்றினார்கள். அதை ஓட்டுநர்களுக்குச் சொல்லவில்லை. லத்தீன் பாலத்தருகே கார் பழைய திட்டப்படி வலப்பக்கம் திரும்பியது. ஆளுநர் போட்டியோரெக் நிறுத்தச் சொல்லிக் கத்த, கார் நின்ற இடம் அதே குழுவின் காவ்ரிலோ பிரின்சிப்புக்கு மிக அருகில். இரண்டே தோட்டாக்கள். ஒன்று இளவரசரின் கழுத்தில், மற்றொன்று மனைவி சோஃபியின் வயிற்றில் பாய்ந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 28 அன்று, ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது.

இந்த நிகழ்வோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ஜூன் 28 அந்தத் தம்பதியின் திருமண நாள் என்று நிறைய இடங்களில் எழுதுகிறார்கள். திருமணம் நடந்தது 1900 ஜூலை 1. சோஃபி அரச குடும்பத்துக்குச் சமமான குலத்தில் பிறந்தவர் அல்ல என்பதால், தங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று இளவரசர் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அந்த உறுதிமொழி நாள்தான் 1900 ஜூன் 28. பதினான்கு ஆண்டு கழித்து அதே தேதியில் இருவரும் இறந்தார்கள்.

பிரின்சிப் உயிர் தப்பியதும் ஒரு தேதிக் கணக்கால்தான். குற்றம் நடந்தபோது 20 வயது நிறையாதவருக்கு ஆஸ்திரியச் சட்டத்தில் தூக்கு கிடையாது. அவர் பிறந்த தேதி தேவாலயப் பதிவேட்டில் 1894 ஜூலை 13 என்றும் அரசுப் பதிவேட்டில் ஜூன் 13 என்றும் இருந்தது. இவை ஜூலியன் தேதிகள், 19-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள். ஜூலை 13 ஜூலை 25 ஆகும், ஜூன் 13 ஜூன் 25 ஆகும். ஜூலை 25 என்றால் கொலை நாளில் 20 வயது நிறைய இன்னும் 27 நாள் பாக்கி. ஜூன் 25 என்றால் மூன்று நாள் முன்பே நிறைந்துவிட்டது. நீதிமன்றம் ஜூலையை ஏற்றது. 20 ஆண்டு சிறை. 1918 ஏப்ரல் 28 அன்று காசநோயால் சிறையிலேயே இறந்தார்.

1919-க்கு வருவோம். உடன்படிக்கையை ஏற்க நேச நாடுகள் ஜெர்மனிக்கு விதித்த கெடு ஜூன் 23 மாலை. கடைசி நேரத்தில் ஜெர்மனி பணிந்தது. ஐந்து நாள் கழித்து, வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஹெர்மன் முல்லரும் யோஹன்னஸ் பெல்லும் ஜெர்மனியின் சார்பில் கையெழுத்திட்டார்கள். 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டதும் இதே மண்டபத்தில்தான். பாரிஸ் அமைதி மாநாடு தொடங்கிய தேதியும் ஜனவரி 18 (1919). அதற்கும் முன்னால், பிரஷ்யாவின் முதல் மன்னர் முடிசூடியது 1701 ஜனவரி 18. தேதியை ஆயுதமாகப் பயன்படுத்துவதில் அன்றைய அரசியல்வாதிகள் தேர்ந்தவர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜூன் 28 கையெழுத்தான நாள் மட்டுமே. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10. சண்டை நின்றது 1918 நவம்பர் 11. 'முதல் உலகப்போர் முடிந்த நாள்' என்று எழுதினால் மூன்றில் எதைச் சொல்கிறீர்கள் என்று வாசகருக்குப் புரியாது. வினைச்சொல்லைத் துல்லியமாகப் போடுங்கள்: சண்டை நின்றது, கையெழுத்தானது, நடைமுறைக்கு வந்தது.

விடோவ்தான் சங்கிலியின் மற்ற கண்ணிகள்: 1921-ல் செர்பியர், குரோஷியர், ஸ்லோவீனியர் முடியரசின் அரசியலமைப்பு அன்று நிறைவேறியது, பெயரே விடோவ்தான் அரசியலமைப்பு. 1948-ல் சோவியத் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சிகளின் கோமின்ஃபார்ம் அமைப்பு டிட்டோவின் யூகோஸ்லாவியாவை வெளியேற்றியது. 1989-ல் கொசோவோ போரின் 600-ஆம் ஆண்டு நினைவில் கொசோவோவின் காஸிமெஸ்தானில் செர்பியத் தலைவர் மிலோசெவிச் பெருங்கூட்டத்தில் பேசினார். 1992-ல் பிரெஞ்சு அதிபர் மித்தரான் முற்றுகையில் இருந்த சரயேவோவுக்குப் போய் இறங்கினார். 2001-ல் அதே மிலோசெவிச் தி ஹேக் போர்க்குற்றத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கப்பட்டார். அவர் பெல்கிரேடிலிருந்து கிளம்பியது ஜூன் 28, தீர்ப்பாயத்தின் காவலுக்குள் வந்தது ஜூன் 29 என்பதால் இரண்டு தேதிகளும் ஆவணங்களில் உண்டு.

இந்தச் சங்கிலியோடு தொடர்பில்லாத, தேதியில் ஐயமில்லாத நிகழ்வுகளும் இருக்கின்றன. 1778-ல் அமெரிக்கப் புரட்சியின் மன்மத் சண்டை, 1838-ல் விக்டோரியா அரசியின் முடிசூட்டு விழா (அரசியானது அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 20), 1880-ல் ஆஸ்திரேலியாவில் கொள்ளையன் நெட் கெல்லி பிடிபட்டது, 1942-ல் ஜெர்மனி ரஷ்யாவின் தெற்கே பெரும் தாக்குதலைத் தொடங்கியது, 2009-ல் ஹோண்டுராஸ் அதிபர் செலாயாவை ராணுவம் கவிழ்த்தது. பிறந்த நாள்களில் 1712-ல் தத்துவஞானி ரூசோ, 1921-ல் பி.வி. நரசிம்ம ராவ். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி பிறந்த 1491 ஜூன் 28 ஜூலியன் தேதி. வழக்கப்படி அப்படியே விடலாம்.

இனி நீக்க வேண்டியவை. ரஷ்யாவில் இரண்டாம் கேத்தரின் கணவரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தது 1762 ஜூன் 28 என்று பல பட்டியல்களில் வரும். அது ரஷ்யப் பழைய கணக்கு. கிரிகோரியனில் அது ஜூலை 9. போல்தாவா போர் இன்னும் சிக்கலானது. 1709-ல் ரஷ்ய ஜார் பீட்டர் சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸைத் தோற்கடித்த அந்தப் போர் ரஷ்ய ஆவணத்தில் ஜூன் 27, சுவீடன் ஆவணத்தில் ஜூன் 28, மற்ற ஐரோப்பாவில் ஜூலை 8. சுவீடன் 1700-ல் லீப் நாளை விட்டுவிட்டு மெதுவாகப் புதிய நாட்காட்டிக்கு மாறத் தொடங்கி, 1704-லும் 1708-லும் விட மறந்தது. அதனால் யாரோடும் ஒட்டாத ஒரு தனிக் கணக்கில் மாட்டிக்கொண்டது. 1712-ல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளைச் சேர்த்துத்தான் பழைய ஜூலியனுக்கே திரும்ப முடிந்தது.

மாற்றும்போது எத்தனை நாள் கூட்டுவது? ஜூலியன் தேதியோடு, 1582 அக்டோபரிலிருந்து 1700 பிப்ரவரி வரை 10, பிறகு 1800 பிப்ரவரி வரை 11, பிறகு 1900 பிப்ரவரி வரை 12, அதன்பின் 13. 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகளைக் கிரிகோரியன் லீப் ஆண்டாக எடுப்பதில்லை, ஜூலியன் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விலகுகிறது. எல்லாவற்றுக்கும் 13 கூட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கேத்தரினின் புரட்சியை ஜூலை 11-ல் பார்த்தால் என்ன நடந்தது என்று புரிந்துவிடும்.

எந்த நாடு எப்போது மாறியது என்பதும் தெரிய வேண்டும். ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலியின் பெரும்பகுதி 1582-ல். பிரிட்டன் 1752-ல் (செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14). ரஷ்யா 1918-ல் (ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14). கிரீஸ் 1923-ல்.

கணக்கு சரியா என்று பார்க்கக் கிழமையைவிட நல்ல சாட்சி இல்லை. நாட்காட்டி மாறியபோது தேதிகள்தான் தாண்டின, கிழமை வரிசை அறுபடவில்லை. முறை இது: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அதை 4-ஆல் வகுத்த ஈவு, நாள், மாத எண், நூற்றாண்டு எண் ஐந்தையும் கூட்டி 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 என்றால் ஞாயிறு, 1 திங்கள், இப்படியே 6 சனி. மாத எண்கள் ஜனவரியிலிருந்து வரிசையாக 0, 3, 3, 6, 1, 4, 6, 2, 5, 0, 3, 5. நூற்றாண்டு எண் கிரிகோரியனில் 1600-களுக்கு 6, 1700-களுக்கு 4, 1800-களுக்கு 2, 1900-களுக்கு 0, 2000-களுக்கு 6. ஜூலியனில் 18-லிருந்து ஆண்டின் முதல் இரண்டு இலக்கத்தைக் கழித்தால் போதும். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் மொத்தத்தில் 1 குறையுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர் ஒரு கிழமை தவறுகிறார்கள்.

சரயேவோ: 14 + 3 + 28 + 4 + 0 = 49, மீதி 0, ஞாயிறு. போல்தாவா, கிரிகோரியன் ஜூலை 8: 9 + 2 + 8 + 6 + 4 = 29, மீதி 1, திங்கள். ஜூலியன் ஜூன் 27: 9 + 2 + 27 + 4 + 1 = 43, மீதி 1, அதே திங்கள். இரண்டு கணக்கும் ஒரே கிழமையில் வந்து நின்றால் மாற்றம் சரி. வராவிட்டால் கூட்டிய நாள்களில் பிழை இருக்கிறது.

நாட்காட்டி சரியாக இருந்தும் தேதி ஒரு நாள் நழுவும் இடம் நள்ளிரவு. நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் சோதனை 1969 ஜூன் 28 சனிக்கிழமை அதிகாலை ஒன்றேகால் மணியளவில் நடந்தது. 'வெள்ளிக்கிழமை இரவு' என்று பேச்சில் சொல்வதால் சிலர் 27 என்று எழுதிவிடுகிறார்கள். 1950-ல் வட கொரியப் படை சியோலைப் பிடித்தது ஜூன் 28. அன்று அதிகாலை ஹான் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டபோது வாஷிங்டனில் இன்னும் ஜூன் 27 பகல். நிகழ்வு நடந்த இடத்தின் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் வந்த தேதியை நம்ப வேண்டாம்.

1776 ஜூன் 28-ஐயும் பட்டியலில் சேர்க்கலாம், பொருத்தமான வினைச்சொல்லோடு. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவு காங்கிரஸ் முன் வைக்கப்பட்டது அன்றுதான். விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2, வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

விடோவ்தான் எப்போதும் ஜூன் 28-லேயே நிற்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 500-ஆம் ஆண்டு நினைவான 1889-ல் அது கிரிகோரியன் ஜூன் 27 அன்று வந்தது, அப்போது வித்தியாசம் 12 நாள். 2100 பிப்ரவரிக்குப் பின் வித்தியாசம் 14 ஆகும். திருச்சபை ஜூலியனிலேயே தொடர்ந்தால், அந்த ஆண்டிலிருந்து விடோவ்தான் ஜூன் 29 அன்று வரும்.